கேப்சிடபின் மாத்திரை: வீட்டிலேயே எடுக்கும் கீமோவுக்கு முழுமையான வழிகாட்டி

ட்ரிப் போட்டு ஏற்றும் கீமோவில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஏறிக்கொண்டிருக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ மூச்சு முட்டினாலோ பக்கத்தில் நிற்கும் நர்ஸ் ட்ரிப்பை மூடிவிடுவார். கேப்சிடபினில் அந்த நர்ஸ் கிடையாது. சென்னை அடையாறிலோ, ராயப்பேட்டையிலோ, சென்ட்ரல் எதிரில் இருக்கும் ஜி.எச்.சிலோ மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த மூன்று வாரம் மருந்தைக் கொடுப்பதும் நீங்கள்தான், மூட வேண்டிய நேரத்தில் மூடுவதும் நீங்கள்தான்.

கொடுப்பதைப் பெரும்பாலான வீடுகளில் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் மூடுவதில்தான். ஆன்டிபயாடிக் எழுதும்போதெல்லாம் 'கோர்ஸைப் பாதியில் விடாதீங்க' என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. ஒரு நாளில் ஏழெட்டு முறை வயிற்றால் போகும்போதும் 'இன்னும் நாலு நாள்தானே, முடிச்சிடலாம்' என்று விழுங்குகிறவர்தான் ஐ.சி.யு.வரை போகிறார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்குத்தான் இந்த வழிகாட்டியில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். டோஸ், நாள் கணக்கு இவற்றில் உங்கள் டாக்டர் எழுதிய சீட்டே இறுதி.

மாத்திரை உள்ளே போனதும்

கேப்சிடபின் தன்னளவில் வேலை செய்யாத மருந்து. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலிலும் திசுக்களிலும் படிப்படியாக மாறி, கடைசியில் 5-ஃப்ளூரோயூராசில் என்ற பழைய கீமோ மருந்தாகிறது. டாக்டர்கள் 5-எஃப்.யூ. என்று சொல்வது அதைத்தான். கடைசிக் கட்ட மாற்றத்தைச் செய்யும் நொதி பல கட்டிகளில் அதிகமாக இருப்பதால் அங்கே மருந்து கூடுதலாக உருவாகிறது. ஆனால் குடலின் உட்சுவர், வாய், எலும்பு மஜ்ஜை, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவையும் தப்பிப்பதில்லை. மார்பகம், பெருங்குடல், மலக்குடல், இரைப்பை, பித்தப்பைப் புற்றுநோய்களுக்கு இதைத் தருகிறார்கள். மாத்திரை என்பதால் லேசான கீமோ என்று நினைக்க வேண்டாம்.

முதல் மாத்திரைக்கு முன்

முதலில் சிறுநீரகம். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.1 என்று இருந்தால் 'நார்மல்' என்று மடித்து வைத்துவிடுவோம். அந்த எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் கிரியேட்டினின் கிளியரன்ஸை, அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தைப் பார்க்க வேண்டும். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐ கிரியேட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 68 வயது, 50 கிலோ எடை, கிரியேட்டினின் 1.1 உள்ள பாட்டிக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 39 வரும். 30 முதல் 50 வரை இருந்தால் தொடக்க டோஸை 75 சதவீதமாகக் குறைப்பது நடைமுறை. 30-க்குக் கீழே என்றால் பொதுவாக இந்த மருந்தைத் தவிர்ப்பார்கள். ஆக, 'நார்மல்' கிரியேட்டினினோடு முழு டோஸ் எடுத்தால் அந்தப் பாட்டிக்கு அது அதிக டோஸ். கணக்கைப் போட்டுவிட்டு, 'சார், கிளியரன்ஸ் பார்த்தீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

அடுத்தது டி.பி.டி. நொதி. 5-எஃப்.யூ.வை உடலில் உடைத்து வெளியேற்றுவது இந்த நொதிதான். சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவு. மிகச் சிலருக்கு அறவே இல்லை. அவர்களுக்கு வழக்கமான டோஸே விஷமாகிவிடும். இந்த நொதியை உருவாக்கும் டி.பி.ஒய்.டி. மரபணுவில் உள்ள மாற்றங்களை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். சிகிச்சைக்கு முன் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது. இங்கே எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வதில்லை, கேட்டால் செய்து தருகிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: பரிசோதனையில் தேடுவது தெரிந்த சில மாற்றங்களை மட்டுமே. 'நெகட்டிவ்' வந்தவருக்கும் கடுமையான பாதிப்பு வரலாம். முதல் சுற்றின் முதல் பத்து நாளிலேயே வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். பெயரை ஞாபகத்திலிருந்து சொல்ல முயல வேண்டாம். முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை:

- வார்ஃபரின், ஆசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள். இதய வால்வு மாற்றியவர்களிடம் இவை இருக்கும். கேப்சிடபினோடு சேர்ந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் தாறுமாறாக ஏறி உள்ளே ரத்தக் கசிவு வரலாம். கேப்சிடபினை நிறுத்தி ஒரு மாதம் வரைகூட இந்த விளைவு தொடரும்.
- வலிப்புக்கான ஃபெனிடாய்ன். ரத்தத்தில் அதன் அளவு கூடி தள்ளாட்டம், மயக்கம், பேச்சுக் குளறல் வரலாம்.
- ஃபோலிக் அமிலம். பி-காம்ப்ளெக்ஸ், இரும்புச்சத்து மாத்திரைகள் பலவற்றில் இது ஒளிந்திருக்கும். 5-எஃப்.யூ.வின் வீரியத்தைக் கூட்டிவிடும்.
- யூரிக் அமிலத்துக்கான அல்லோப்யூரினால். இது மருந்தின் பலனைக் குறைக்கலாம் என்பதால் தவிர்ப்பார்கள்.
- நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகப் பொடி, வாட்ஸ்அப்பில் வந்த லேகியம். கேப்சிடபினோடு சேர்ந்தால் இவை என்ன செய்யும் என்பதைச் சரியாகச் சோதித்துப் பார்த்ததில்லை. டாக்டரிடம் சொல்லாமல் எடுப்பதுதான் பெரிய தவறு.

வாயுவுக்கு எடுக்கும் பான்டப்ரசோலைப் பற்றி ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. சென்னையில் காலையில் காபிக்கு முன் 'பான்' போடாத வீடு குறைவு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: டாக்டர் எழுதியிருந்தால் எடுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள். ஆன்டாசிட் திரவத்தைக் கேப்சிடபினோடு ஒரே நேரத்தில் குடிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் மருத்துவம் சார்ந்ததல்ல. இந்த மருந்தை மாதக்கணக்கில் எடுத்தால் தோல் உரிந்து கைரேகை அழிந்துபோகலாம். இதே மருந்தை எடுத்துக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ரேகை பதியாததால் அமெரிக்க விமான நிலையத்தில் சில மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது 2009-இல் மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. நமக்கு அமெரிக்கா வேண்டாம், ரேஷன் கடையும் பேங்க்கும் போதும். ஆதார் புதுப்பிப்பு, சிம் கார்டு, பத்திரப் பதிவு ஏதாவது பாக்கி இருந்தால் சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ரேஷனுக்குக் கார்டில் பெயருள்ள வேறொருவர் போகட்டும். ஓய்வூதிய உயிர்வாழ் சான்றிதழை முகத்தைக் காட்டிச் செல்போனிலேயே பதியலாம்.

எத்தனை மாத்திரை: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

டோஸ் உடல் பரப்பளவைப் பொறுத்தது. உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டரில் பரப்பளவு கிடைக்கும். 155 செ.மீ. உயரம், 55 கிலோ என்றால் 1.54. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ ட்ரிப்போடு சேர்த்துத் தரும்போது வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு 1000 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அப்படியென்றால் வேளைக்குச் சுமார் 1500 மி.கி., அதாவது 500 மி.கி. மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று. 14 நாளைக்கு 84 மாத்திரை. அதன்பின் 7 நாள் ஓய்வு. இந்த 21 நாள் ஒரு சுற்று.

தனியாகத் தரும்போது சதுர மீட்டருக்கு 1250 மி.கி. வரை போவார்கள். ரேடியேஷனோடு என்றால் 825 மி.கி. அளவில், பெரும்பாலும் ரேடியேஷன் இருக்கும் நாட்களில் மட்டும், அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை. பெரிய குழப்பம் இங்கேதான் நடக்கும். ரேடியேஷன் முடிந்து 14 நாள் முறைக்கு மாறும்போது பழைய பழக்கத்தில் சனி, ஞாயிறு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சீட்டைப் புரிந்துகொள்ளாமல் ஓய்வு வாரத்திலும் தொடர்ந்து விழுங்குகிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகம் உயிருக்கே ஆபத்து. சீட்டு மாறும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வாங்குங்கள்: வேளைக்கு எத்தனை, எந்தத் தேதியில் தொடக்கம், எந்தத் தேதியில் கடைசி, வாரத்தில் எத்தனை நாள்.

ட்ரிப் போட்ட அன்று மாலையில் தொடங்கச் சொன்னால் கடைசி வேளை 15-ஆம் நாள் காலையில் வரும். நாளை எண்ணாமல் வேளையை எண்ணுங்கள். மொத்தம் 28. சுவரில் மாட்டும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக். தினசரி காலண்டர் இதற்கு உதவாது, மறுநாள் தாளைக் கிழித்ததும் கணக்கும் போய்விடும்.

காலையில் 3, இரவில் 4 என்று சமமில்லாமல் எழுதியிருந்தால் பதற வேண்டாம். 500 மி.கி. மாத்திரையில் கணக்கைச் சரிக்கட்ட அப்படி எழுதுவார்கள்.

சாப்பிட்டு அரை மணிக்குள்

வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். காலை டிபன் முடித்து 30 நிமிடத்துக்குள், இரவுச் சாப்பாடு முடித்து 30 நிமிடத்துக்குள், ஒரு டம்ளர் தண்ணீரோடு. இரண்டு வேளைக்கும் நடுவே சுமார் 12 மணி நேரம். காலை 8-க்கு டிபன் என்றால் இரவு 8-க்குச் சாப்பாடு. இரவு பத்தரைக்குச் சாப்பிடும் வீடுகளில் நோயாளிக்கு மட்டுமாவது நேரத்தை மாற்றத்தான் வேண்டும். ஃபில்டர் காபியும் இரண்டு பிஸ்கெட்டும் டிபன் ஆகாது. இரண்டு இட்லி போதும். சஷ்டி, அமாவாசை, ரம்ஜான் நோன்பு என்று விரதம் வந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, சுற்றையே சில நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு விரதம் இருக்க வேண்டாம்.

மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்க முடியாதவர்கள், மூக்கு வழியாக டியூப் போட்டிருப்பவர்கள் மருத்துவமனை மருந்தாளுநரிடம் அதற்கான முறையைக் கேட்க வேண்டும். வீட்டுக் குழவியில் இடித்துக் கரைப்பது நோயாளிக்கும் கெடுதல், இடிப்பவருக்கும் கெடுதல்.

ஒரு வேளை மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு எப்போதும் எடுப்பதை மட்டும் எடுங்கள். சேர்த்து இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும் இதே விதிதான், மறுபடி எடுக்க வேண்டாம். தவறிய வேளைகளை ஓய்வு வாரத்தில் ஈடு கட்டவும் கூடாது. தப்பித்தவறி அதிகமாக விழுங்கிவிட்டால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் அன்றே போங்கள். இதற்கான முறிவு மருந்தை 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இங்கே அது எளிதில் கிடைப்பதுமில்லை.

வீட்டில் மற்றவர்கள்

மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் டிஸ்போசபிள் கையுறை போடட்டும். இல்லையென்றால் அட்டையிலிருந்து நேராக ஒரு சின்னக் கிண்ணத்தில் தள்ளி, தொடாமல் கொடுத்துவிட்டு சோப்பால் கை கழுவட்டும். அந்தக் கிண்ணம் இதற்கு மட்டும்தான். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குழந்தைகள் தொடக் கூடாது. பி.பி., சுகர் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம்.

பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் சமையலறை அலமாரி, ஜன்னல் ஓரம், வெயிலில் நிற்கும் கார் எல்லாமே மருந்துக்கு ஆகாது. அட்டையில் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில், அட்டையோடு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மருந்து எடுக்கும் நாட்களிலும் கடைசி மாத்திரைக்குப் பின் 48 மணி நேரம் வரையும் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் எச்சம் இருக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் மூடியைப் போட்டு இரண்டு முறை ஃப்ளஷ். இந்தியன் டாய்லெட் என்றால் தண்ணீரைத் தெறிக்காமல் இரண்டு முறை நன்றாக ஊற்ற வேண்டும். அசுத்தமான துணியைக் கையுறை போட்டு எடுத்து, தனியாக இரண்டு முறை துவையுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, பேரப்பிள்ளையை மடியில் வைப்பது இதற்கெல்லாம் தடை இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சில வீடுகளில் நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

எப்போது மூட வேண்டும்

பக்க விளைவுகளை டாக்டர்கள் நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் படி என்றால் பொறுத்துக்கொண்டு தொடரலாம். இரண்டாம் படியைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ஏன் என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். இரண்டாம் படியில் முதன்முறையாக நிறுத்தி, முதல் படிக்கோ அதற்கும் கீழோ இறங்கிய பிறகு திரும்பத் தொடங்கும்போது பொதுவாக முழு டோஸையே தருவார்கள். பிடிவாதமாக விழுங்கி மூன்றாம் படிக்குப் போய்விட்டால், திரும்பத் தொடங்குவது 75 சதவீதத்தில். ஒருமுறை குறைத்த டோஸைப் பிறகு ஏற்றுவதும் கிடையாது. சீக்கிரம் நிறுத்துகிறவருக்குத்தான் கடைசியில் அதிக மருந்து போய்ச் சேர்கிறது. 'நிறுத்தினால் கட்டி வளர்ந்துவிடுமே' என்று பயப்படுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பதில் இதுதான்.

*வயிற்றுப்போக்கு.* உங்கள் வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறை கூடிவிட்டால், அல்லது தூக்கத்தில் எழுந்து போக வேண்டி வந்தால், அது இரண்டாம் படி. அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் போன் செய்யுங்கள். வழக்கமாக ஒரு முறை போகிறவருக்கு ஐந்து, இரண்டு முறை போகிறவருக்கு ஆறு. தொடங்கும் முன்பே உங்கள் வழக்கத்தைக் குறித்து வைத்தால்தான் இந்தக் கணக்கு வரும். வயிற்றில் துளை போட்டு மலம் சேர ஆஸ்டமிப் பை வைத்திருப்பவர்கள் பை எத்தனை முறை நிரம்புகிறது என்று எண்ண வேண்டும்.

லோபராமைடு 2 மி.கி. மாத்திரை பத்து முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறை முதலில் இரண்டு மாத்திரை, பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனபின் ஒன்று, ஒரு நாளில் மொத்தம் 16 மி.கி.க்கு மேல் போகாமல். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் நீங்களாக லோபராமைடு எடுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனை. முதியவர்களை இந்த நிலையில் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று இருப்பது பெரிய தவறு. நீர் வறண்டால் சிறுநீரகம் சுணங்கும், சிறுநீரகம் சுணங்கினால் ஏற்கெனவே உள்ளே போன மருந்தின் தாக்கம் கூடும், அது வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். மே மாதச் சென்னையில் இந்தச் சுழல் வேகமாகச் சுற்றும்.

ஓ.ஆர்.எஸ். என்றால் மருந்துக்கடைப் பொடி. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர் நல்லது. பாலும் வெறும் காபியும் அந்த நாட்களில் வேண்டாம்.

*கை, கால் எரிச்சல்.* உள்ளங்கையும் உள்ளங்காலும் மரத்துப்போய், எரிந்து, வீங்கி, தோல் உரிவதுதான் இந்த மருந்தின் அடையாளம். புத்தகங்களில் 'சிவந்துபோகும்' என்று இருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, கறுத்துப்போகும், ரேகைகள் கோடு கோடாகக் கருக்கும். சிவப்புக்காகக் காத்திருந்தால் முதல் படியைத் தவறவிடுவீர்கள். வெறும் கருப்பு, மரமரப்பு என்றால் முதல் படி. சாதம் பிசையும்போது, புடவையில் பின் குத்தும்போது, படி இறங்கும்போது வலித்தால் இரண்டாம் படி, நிறுத்துங்கள். கொப்புளம், தோல் வெடிப்பு, நடக்க முடியாத வலி என்றால் மூன்றாம் படி.

வராமல் தடுக்க: யூரியா 10 சதவீதம் உள்ள கிரீமை முதல் நாளிலிருந்தே காலை, இரவு இரண்டு வேளையும், கை கழுவிய பின்பும் தேய்க்காமல் ஒத்தி ஒத்திப் பூசுங்கள். டெல்லி எய்ம்ஸில் 264 பேரை வைத்துச் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், வலிக்குப் பூசும் டைக்ளோஃபெனாக் 1 சதவீத ஜெல்லைத் தினமும் இரண்டு வேளை கையில் பூசியவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத ஜெல்லைப் பூசிய குழுவில் 15 சதவீதத்தினருக்கும் இரண்டாம், மூன்றாம் படி பாதிப்பு வந்தது. விலை குறைந்த ஜெல், டாக்டரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். கொப்புளம் வந்த தோலில் பூச வேண்டாம். வைட்டமின் பி-6 மாத்திரையை இன்னும் சிலர் எழுதித் தருகிறார்கள், ஆய்வுகளில் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை.

சூடும் உராய்வும்தான் எதிரி. வெந்நீரில் பாத்திரம் தேய்ப்பது, துணி முறுக்கிப் பிழிவது, தேங்காய் துருவுவது, சப்பாத்திக்கு மாவு பிசைவது இவற்றை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். மதிய வெயிலில் கோயில் பிராகாரத்திலும் மெரினா மணலிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கட்டைவிரல் வார் அழுத்தும் செருப்புக்குப் பதில் அகலமான பட்டை வைத்த மெத்துச் செருப்பு. மருதாணி குளிர்ச்சி என்று வைத்துக்கொள்வது உண்டு. அது நிறமாற்றத்தை மறைத்துவிடும், கடையில் விற்கும் கறுப்பு மெஹந்தி கோனில் உள்ள ரசாயனம் தோலைப் புண்ணாக்கும். இந்தச் சிகிச்சைக் காலத்தில் இரண்டும் வேண்டாம்.

முதல் சுற்று சுகமாக முடிந்தால் 'நமக்கு இது ஒத்துக்கொண்டது' என்று நினைக்கத் தோன்றும். இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பில், தனியாக இதை எடுத்தவர்களுக்கு இரண்டாம் படியோ அதற்கு மேலோ உள்ள வயிற்றுப்போக்கு முதன்முதலில் வந்தது இடைநிலையாக 34-ஆம் நாளில், கை-கால் பாதிப்பு 79-ஆம் நாளில். அதாவது இரண்டாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும். கவனம் தளரும் நேரத்தில்தான் வருகிறது.

*நெஞ்சுவலி.* இதற்குப் படி கிடையாது. 5-எஃப்.யூ. இதய ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்க வைக்கும். இதுவரை இதய நோயே இல்லாதவருக்கும், முதல் சில நாட்களிலேயே வரலாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் மாத்திரையை நிறுத்தி 108. வாயு என்று சோடா குடித்துப் பார்க்க வேண்டாம். ஆம்புலன்ஸில் ஏறியதும் 'கேப்சிடபின் எடுக்கிறார்' என்று சொல்லுங்கள். இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் அடுத்த வேளையை எடுக்காதீர்கள்.

*காய்ச்சல்.* 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இந்த எண்ணைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். அளப்பதற்கு முன் டோலோ போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், வெள்ளணுக் குறைவால் வந்த தொற்று மறையாது. ஆக்ஸாலிபிளாட்டினோடு எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

*வாய்ப்புண், வாந்தி.* புண்ணோடு சாப்பிட முடிந்தால் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளியுங்கள். சாப்பிடவே வலித்தால் நிறுத்துங்கள். 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலும் அப்படியே.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்தப் பரிசோதனை

அடுத்த சுற்றுக்கு ஓரிரு நாள் முன்பே எடுத்துவிடுங்கள். தொற்றோடு போராடும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை பொதுவாக 1500-க்கு மேல் இருந்தால்தான் தொடங்குவார்கள். ரிப்போர்ட்டில் அது தனியாக இல்லாவிட்டால், மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். 3200 அணுக்களில் 42 சதவீதம் என்றால் 1344, அப்போது ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்வார்கள். பிளேட்லெட், பிலிரூபின், கிரியேட்டினின் மூன்றும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

ரிப்போர்ட்டில் தடுமாற வைக்கும் ஒரு வரி உண்டு. சில மாதம் கேப்சிடபின் எடுத்தவருக்கு எம்.சி.வி. என்ற எண் 100-ஐத் தாண்டும், சிவப்பணுக்கள் பெருத்திருக்கும். இது மருந்தின் வேலை, எதிர்பார்த்ததுதான். தெருமுனை கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டினால் 'ஃபோலிக் ஆசிட் குறைவு' என்று மாத்திரை எழுதிக் கொடுக்க வாய்ப்பு அதிகம். அவர் எழுதியது தவறான எண்ணத்தில் அல்ல, ஆனால் கேப்சிடபினோடு சேரக் கூடாத மாத்திரையே அதுதான். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதலில் சொல்ல வேண்டியது கேப்சிடபின் என்ற பெயரை.

வாங்குவதும் மீதமும்

பில், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வரும். பெட்டியில் வேறு பெயர் இருந்தால் உள்ளே கேப்சிடபின் 500 மி.கி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயரில் மிச்சம் இருப்பதையும் புதுப் பெயரில் வந்ததையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். கையிலிருந்து வாங்குகிறவர்கள் மக்கள் மருந்தகத்தில் விலை கேட்டுவிட்டு வெளிக்கடைக்குப் போகலாம்.

கருத்தடை பற்றிப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். சிகிச்சைக் காலத்திலும், கடைசி மாத்திரைக்குப் பின் நோயாளி பெண் என்றால் 6 மாதமும், ஆண் என்றால் 3 மாதமும் கர்ப்பம் உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடையில் நிறுத்தினால் மாத்திரை மிஞ்சும். அதைக் கழிவறையில் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் வேண்டாம், 'வாங்க முடியாத இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கலாம்' என்ற நல்ல மனசும் வேண்டாம், அவருடைய டோஸ் வேறு. அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது மீதி அட்டைகளையும் டிக் போட்ட காலண்டர் தாளையும் சேர்த்து எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது வேளையில், எதற்காக நிறுத்தினீர்கள் என்று அதில் இருந்தால், அடுத்த சுற்றின் டோஸைத் தீர்மானிக்க டாக்டருக்கு அந்த ஒரு தாளே பாதி வேலையை முடித்துவிடும்.